சாட்ஸ்வொர்த் ஹவுஸ்ல குடும்பத்தோட ஒரு நாள்: எதை முதல்ல பாக்கணும், எதை கடைசிக்கு வைக்கணும் – முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்துல டெர்பிஷயர், பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவுல டெர்வென்ட் ஆத்தங்கரையில இருக்குற பெரிய பிரபு வீடுதான் சாட்ஸ்வொர்த். லண்டன், பர்மிங்ஹாம், லெஸ்டர், மான்செஸ்டர்னு எல்லா பக்கத்துல இருந்தும் நம்ம ஆளுங்க போறாங்க, முக்கியமா ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்கிற சம்மர்ல. நானும் ஒவ்வொரு தடவையும் புதுசா யாரையாவது கூட்டிட்டு போறேன். அதுல கவனிச்ச ஒரு விஷயம், அங்க நாள் கெட்டுப்போறது பெரும்பாலும் வரிசை தப்பாப் போறதாலதான். குழந்தைங்களை காலையிலயே பண்ணைக்கு கூட்டிட்டு போயிட்டு, மதியம் மூணு மணிக்கு "வா கண்ணா ஓவியம் பாக்கலாம்"னு கூப்பிட்டா எந்த குழந்தை வரும்? பாட்டி காலையில மேட்டுல ஏறி இறங்கி களைச்சுட்டா அப்புறம் வீட்டுக்குள்ள மாடிப்படி எப்படி ஏறுவாங்க?

அதனால வரலாறு, பெருமை எல்லாத்தையும் விட்டுட்டு, எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை, ஏன் அப்படின்னு மட்டும் எழுதுறேன்.

1. இடத்தோட அமைப்பை முதல்ல மனசுல வாங்கிக்கோங்க

சாட்ஸ்வொர்த்துங்கிறது ஒரே இடம் இல்ல, நாலு துண்டு. முதலாவது வீடு. ரெண்டாவது, வீட்டை ஒட்டின தோட்டம், 105 ஏக்கர், காசு குடுத்துதான் உள்ள போகணும். மூணாவது, மேட்டுல ஸ்டேபிள்ஸ் (பழைய குதிரை லாயம், இப்ப டீ, சாப்பாடு கிடைக்கிற இடம்) கட்டடத்துக்கு பின்னாடி இருக்குற ஃபார்ம்யார்டும் (மிருகங்கள் இருக்குற பண்ணை) குழந்தைங்க விளையாட்டு இடமும். நாலாவது பார்க். ஆறு, பாலம், புல்வெளி, மான், ஆடு எல்லாம் அங்கதான், நடந்து போறவங்களுக்கு அது ஃப்ரீ.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, வீட்டை சுத்தி முடிச்சு வெளிய வர்ற வழி ஆரஞ்சரி கடை வழியா நேரா தோட்டத்துல கொண்டு விடும். ஸ்டேபிள்ஸ், ஃபார்ம்யார்ட் ரெண்டும் தோட்டத்துக்கு வெளிய, மேட்டுல. அதனால வீடு, தோட்டம், ஸ்டேபிள்ஸ், ஃபார்ம்யார்ட்னு போனா ஒரு தடவை நடந்தா போதும். இதை மாத்தினா ஒரே மேட்டை ரெண்டு தடவை ஏறணும், தள்ளுவண்டியோட.

2. தேதி: லீவு இருக்கான்னு மட்டும் பாத்தா பத்தாது

ஜனவரி ஆரம்பத்துல இருந்து மார்ச் நடுவாக்குல வரைக்கும் வீடு மூடியிருக்கும், சுத்தம் பண்றது ரிப்பேர் பண்றதெல்லாம் அப்பத்தான் நடக்கும். நவம்பர்ல இருந்து ஜனவரி ஆரம்பம் வரைக்கும் கிறிஸ்துமஸ் அலங்காரம். அது அழகுதான், ஆனா நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், தோட்டம் பாக்க நேரமே இருக்காது, டிக்கெட்டும் சீக்கிரம் தீந்துடும். முதல் தடவை போறவங்களுக்கு மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் சரி. ஜூன்ல ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், திரும்பி வர்ற அவசரம் இருக்காது.

பேங்க் ஹாலிடே திங்கக்கிழமையை தவிர்த்துடுங்க. ஆகஸ்ட் கடைசியில இல்ல செப்டம்பர் தொடக்கத்துல கன்ட்ரி ஃபேர் நடக்குற வார கடைசியையும், நவம்பர்ல கிறிஸ்துமஸ் மார்க்கெட் நடக்குற நாட்களையும் பாத்துக்கோங்க. அன்னைக்கு பக்கத்துல இருக்குற பேஸ்லோ ஊருக்குள்ளயே வண்டி நகராது. ஊர்ல இருந்து வந்திருக்கிறவங்களுக்கு சனி ஞாயிறு கணக்கு கிடையாது இல்லையா, ஸ்கூல் திறந்திருக்கிற நேரத்துல ஒரு செவ்வாய் புதன்ல நீங்க லீவு போட்டு பெரியவங்களை மட்டும் கூட்டிட்டு போனா அவங்களுக்கு அது பெரிய நிம்மதி, ஒவ்வொரு ரூம்லயும் நின்னு பாக்கலாம்.

3. டிக்கெட்: பேமெண்ட் போடுறதுக்கு முன்னாடி நாலு விஷயம்

முதல் விஷயம், நேஷனல் ட்ரஸ்ட் (பழைய வீடுகளை பராமரிக்கிற அமைப்பு) மெம்பர் கார்டு இங்க செல்லாது. இங்கிலிஷ் ஹெரிடேஜ் கார்டும் அப்படித்தான். இங்க வந்து கவுண்டர்ல அந்த கார்டை நீட்டுற குடும்பத்தை எப்பவும் பாக்கலாம். சாட்ஸ்வொர்த் டெவன்ஷயர் டியூக் குடும்பத்தோட வீடு, அதை நடத்துறது சாட்ஸ்வொர்த் ஹவுஸ் ட்ரஸ்ட்னு ஒரு தனி அறக்கட்டளை. நேஷனல் ட்ரஸ்ட் கார்டை உபயோகப்படுத்தியே ஆகணும்னா அதே டெர்பிஷயர்ல ஹார்ட்விக் ஹால் இருக்கு, அங்க போகலாம்.

ரெண்டாவது, டிக்கெட்டை வகை பாத்து எடுங்க. வீடும் தோட்டமும் சேர்ந்தது ஒண்ணு, தோட்டம் மட்டும் ஒண்ணு, ஃபார்ம்யார்ட் தனி. "ஹவுஸ் அண்ட் கார்டன்" எடுத்துட்டா எல்லாம் அடங்கிடும்னு நினைச்சு வந்துட்டு, ஃபார்ம்யார்ட் வாசல்ல குழந்தை அழ, மறுபடி க்யூல நிக்கிறவங்க நிறைய. மூணு வயசுக்கு கீழ ரெண்டு குழந்தை, கூட வயசானவங்கன்னா, தோட்டமும் ஃபார்ம்யார்டும் மட்டும் போதும்னு நான் தைரியமா சொல்வேன். வீட்டை இன்னொரு வருஷம் பாக்கலாம், அது எங்கயும் போகாது.

மூணாவது, வீட்டுக்கு நேரம் குறிச்சுத்தான் டிக்கெட் தருவாங்க. காலையில முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள வர்ற ஸ்லாட்டை எடுங்க. மதிய ஸ்லாட் எடுத்தா காலை முழுக்க கடிகாரத்தை பாத்துக்கிட்டே தோட்டத்துல திரியணும், அப்புறம் சாப்பிட்ட தூக்கத்தோட இருட்டு ரூமுக்குள்ள போகணும்.

நாலாவது கிஃப்ட் எய்ட். அந்த டிக் பாக்ஸை இங்க வரி கட்டுறவங்கதான் போடணும். ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசாங்கம் அறக்கட்டளைக்கு குடுக்கும், நீங்க கட்டின வரியில இருந்துதான் அது போகுது. விசிட் விசாவுல வந்த மாமா அவர் பேர்ல, அவர் கார்டுல வாங்கினா அதை டிக் பண்ணக்கூடாது.

வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது போவோம்னு தோணுச்சுன்னா, ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் சாட்ஸ்வொர்த் மெம்பர்ஷிப் விலையையும் பக்கத்துல வச்சு கணக்கு போடுங்க. பெரிய குடும்பத்துக்கு அது சீக்கிரமே கட்டுப்படியாகும்.

4. யார் யார் வர்றாங்கன்னு ஒரு பட்டியல் போடுங்க

இதை டிக்கெட் போடுற அன்னைக்கே பண்ணுங்க, கிளம்புற அன்னைக்கு வேண்டாம்.

முட்டி வலி, மூச்சு வாங்குறதுன்னு யாருக்காவது இருந்தா முன்னாடியே ஃபோன் பண்ணி சொல்லிடுங்க. வீட்டுக்குள்ள லிஃப்ட் உண்டு. வீல்சேர், மொபிலிட்டி ஸ்கூட்டர் மாதிரி விஷயம் எல்லாம் முன்பதிவு பண்ணினாத்தான் நிச்சயம், ஏன்னா எண்ணிக்கை கம்மி. "எனக்கு எதுக்குடா வண்டி, நான் தினமும் பீச்ல நடக்குறவன்"னு மாமா சொல்வார். சமதரையில நடக்குறது வேற, இங்க தோட்டம் கிழக்கு பக்கம் முழுக்க மேடு, ஜல்லி போட்ட பாதை வேற. புக் பண்ணி வைங்க, வேண்டாம்னா அங்க போய் வேண்டாம்னு சொல்லிக்கலாம்.

கைக்குழந்தை இருந்தா தள்ளுவண்டியோட சேர்த்து துணி கேரியரும் எடுத்துக்கோங்க. வீட்டுக்குள்ள படிக்கட்டு இருக்கு, ரூம்ல கயிறு கட்டின நடைபாதை குறுகலா இருக்கும். குழந்தையை நெஞ்சோட கட்டிக்கிட்டு போறதுதான் சுலபம். முதுகுல மாட்டுற வகை வேண்டாம், திரும்பும்போது பின்னாடி இருக்குற பொருள்ல இடிக்கும்னு இந்த மாதிரி பழைய வீடுகள்ல விட மாட்டாங்க. பெரிய பேக்பேக்குக்கும் அதேதான் காரணம்.

5. முந்தின நாள் ராத்திரி: சாப்பாடும் துணியும்

பிக்னிக் எடுத்துட்டு போகலாம், போங்கன்னுதான் சொல்வேன். அங்க ரெஸ்டாரன்ட், கஃபே எல்லாம் இருக்கு, ஆனா சீசன்ல ஒரு மணிக்கு க்யூ நீளமா இருக்கும், சைவம் மட்டும் சாப்பிடுற பெரியவங்களுக்கு சாண்ட்விச், சூப் தாண்டி பெருசா எதுவும் அமையாது. புளியோதரை, தயிர் சாதம், இட்லியில பொடி தடவினது, சப்பாத்தி ரோல், இதெல்லாம் ஆறினாலும் நல்லா இருக்கும். குழம்பு, சாம்பார் மாதிரி ஊத்தி சாப்பிடுறது வேண்டாம். சரிவான புல்லுல உக்காந்து அதை பரிமாற முடியாது, மிச்சத்தை கொட்டவும் இடம் கிடையாது. தட்டு, ஸ்பூன், கை துடைக்க ஈரத்துணி, குப்பைக்கு ரெண்டு பை. சுடுதண்ணி ஃபிளாஸ்க்ல எடுத்துக்கோங்க, அத்தைக்கு மாத்திரை போட, குழந்தைக்கு பால் கலக்க.

கேஸ் ஸ்டவ், பார்பிக்யூ எதையும் வண்டியில ஏத்தாதீங்க, அங்க நெருப்பு மூட்ட அனுமதி கிடையாது. சுத்தி இருக்குற மூர்லேண்ட் புல்வெளி காய்ஞ்ச காலத்துல ஒரு பொறி பட்டா மைல் கணக்குல எரியும், பீக் டிஸ்ட்ரிக்ட்ல அப்படி எரிஞ்சும் இருக்கு.

துணி விஷயத்துல புதுசா வர்றவங்க ரெண்டு இடத்துல சறுக்குவாங்க. ஒண்ணு செருப்பு. ஜல்லி, ஈரப்புல், பாறைப்படி மூணும் இருக்கு, பின்னாடி பட்டை இல்லாத செருப்பு வேலைக்கு ஆகாது. பாட்டிக்கு புடவையோட கேன்வாஸ் ஷூ போட சங்கடமா இருந்தாலும் எடுத்து சொல்லி போட வைங்க, புடவையை ஒரு இஞ்ச் தூக்கி கட்டச் சொல்லுங்க. இன்னொண்ணு குளிர். ஜூலையிலயும் மலைப்பக்கம் மேகம் வந்தா சட்டுனு குளிரும். ஆளுக்கு ஒரு மழை ஜாக்கெட் அவசியம். குடை வீட்டுக்குள்ள இடைஞ்சல், தோட்டத்துல காத்துல திரும்பிக்கும். குழந்தைங்களுக்கு ஒரு முழு செட் மாத்துத்துணியும் டவலும் கட்டாயம். ஏன்னு தோட்டத்துக்கு வரும்போது புரியும்.

கடைசியா, டிக்கெட்டையும் தோட்ட மேப்பையும் ஃபோன்ல டவுன்லோட் பண்ணி வைங்க. பள்ளத்தாக்குல சிக்னல் வரும் போகும், வாசல்ல நின்னு இமெயிலை தேடிக்கிட்டு இருக்க வேண்டாம்.

6. போற வழி

கார்ல தெக்க இருந்து வந்தா எம்1 மோட்டார்வேல 29ஆம் ஜங்ஷன்ல இறங்கி, செஸ்டர்ஃபீல்ட் தாண்டி, ஏ619ல பேஸ்லோ வரைக்கும் வந்துடலாம். செஸ்டர்ஃபீல்டுக்கு அப்புறம் ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும். வாந்தி வர்ற குழந்தை இருந்தா செஸ்டர்ஃபீல்டுக்கு முன்னாடியே நிறுத்தி கொஞ்சம் காத்து வாங்க வைங்க, முன் சீட்டுல யார்னு அங்கயே மாத்திக்கோங்க. பெட்ரோல், சார்ஜ் எல்லாத்தையும் அங்கயே முடிச்சுடுங்க.

பார்க்குக்கு நடுவுல போற ரோடு பி6012. ஆடு சுதந்திரமா குறுக்க வரும், குட்டி ஒரு பக்கம் தாய் ஒரு பக்கம்னு நிக்கும், தாய் கூப்பிட்டா குட்டி யோசிக்காம ஓடும். அதனால மெதுவா ஓட்டுங்க. படம் எடுக்க ரோட்டோரம் வண்டிய நிறுத்தாதீங்க, கார் பார்க் போய் நடந்து வந்தும் அதே படம் எடுக்கலாம்.

ட்ரெயின்னா லண்டன் செயின்ட் பான்க்ராஸ்ல இருந்து செஸ்டர்ஃபீல்டுக்கு சுமாரா ரெண்டு மணி நேரம், அங்க இருந்து பஸ் இல்ல டாக்ஸி. ஷெஃபீல்ட்ல இருந்து பேக்வெல் போற 218 பஸ் சாட்ஸ்வொர்த் வழியா போகும். எதுல போனாலும் கடைசி திரும்பி வர்ற பஸ் எத்தனை மணிக்குன்னு போறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க, ஞாயித்துக்கிழமைன்னா இன்னும் கவனமா.

வீட்டு ஸ்லாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி கார் பார்க்ல இருக்குற மாதிரி கணக்கு போடுங்க. இறங்கி, ஷூ மாத்தி, டாய்லெட் போயிட்டு, பாட்டி நடையில வாசலுக்கு வர்றதுக்கு அவ்வளவு ஆகும்.

7. காலை: வீடு

உள்ள நுழையுறதுக்கு முன்னாடி எல்லாரும் டாய்லெட், சின்னதா ஒரு ஸ்நாக். உள்ள சாப்பிட, குடிக்க முடியாது, ரூட் ஒரே திசையில போகும். நடுவுல ஒரு குழந்தைக்கு அவசரம்னா மொத்த குடும்பமும் கலைஞ்சுடும்.

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. பொறுமையா பாக்குறவங்களுக்கு ரெண்டு. கிட்டத்தட்ட முப்பது ரூம் வரைக்கும் பாக்கலாம், எல்லாத்தையும் சமமா பாக்கணும்னு நினைச்சா பத்தாவது ரூம்ல எல்லாருக்கும் சலிச்சுடும். குழந்தைங்க கையில ஒரு வேலைய குடுத்துடுங்க. இந்த வீட்டுக்காரங்களான கேவெண்டிஷ் (டெவன்ஷயர் டியூக்) குடும்பத்தோட சின்னம் பாம்பு, உடம்பை முடிச்சு போட்ட மாதிரி இருக்கும். வீட்டுக்குள்ளயும் வெளியயும் எத்தனை பாம்பு கண்டுபிடிக்கிறாங்கன்னு எண்ணச் சொல்லுங்க, போற வழியெல்லாம் கண்ணு சும்மா இருக்காது.

நின்னு பாக்க வேண்டிய இடம்னு நான் சொல்றது இதெல்லாம். சேப்பல் பக்கம் போற நடையில ஒரு ராட்சச கல்லு பாதம் இருக்கும், பழைய கிரேக்க சிலையோட துண்டு, குழந்தைங்க அதை மறக்கவே மாட்டாங்க. அப்புறம் பெயிண்டட் ஹால். சுவர், கூரை முழுக்க லூயி லகேர் வரைஞ்ச ஜூலியஸ் சீசர் கதை. இங்க கூட்டம் வாசல்லயே நிக்கும், நீங்க கொஞ்சம் உள்ள தள்ளி ஓரமா போய் நின்னு தலைய தூக்கி பாருங்க. மேல ஸ்டேட் ரூம்ஸ், மூணாம் வில்லியம் ராஜாவும் மேரி ராணியும் வந்து தங்குவாங்கன்னு கட்டினது, அவங்க வரவே இல்ல. அங்க மியூசிக் ரூம்ல பாதி திறந்த கதவுக்கு பின்னாடி ஒரு வயலின் தொங்கும். அது வயலின் இல்ல, ஓவியம். முதல்ல நீங்க சொல்லிடாதீங்க, குழந்தை தானா கண்டுபிடிக்கட்டும். கடைசியில ஸ்கல்ப்ச்சர் கேலரில ரஃபேல் மோன்டி செஞ்ச முக்காடு போட்ட பொண்ணு சிலை. பளிங்குல செதுக்கின மெல்லிசு துணிக்குள்ள முகம் தெரியும், அதுக்கு முன்னாடி வேகமா நடக்குற அப்பாக்கள் கூட நின்னுடுவாங்க.

ஏன் இவ்வளவு இருட்டுன்னு பெரியவங்க கேப்பாங்க. வெளிச்சம் பட்டா பழைய துணியும் சாயமும் வெளுத்துடும், அதனாலதான் ஜன்னல் திரைய இறக்கி வச்சிருக்காங்க. ஃபோட்டோ எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. எதையும் தொடக்கூடாதுங்கிறதையும் காரணத்தோட குழந்தைகிட்ட சொல்லுங்க, ஒரு கை பட்டா ஒண்ணும் ஆகாது, வருஷம் முழுக்க வர்ற கூட்டத்தோட கை வேர்வையும் எண்ணெயும் சேர்ந்தா தங்கப்பூச்சு போயிடும்னு. "சத்தம் போடாதே, தொடாதே"ன்னு வெறுமனே அதட்டினா அந்த குழந்தைக்கு இனிமே மியூசியம்னாலே பிடிக்காது.

ரூம்ல நிக்கிற கைடுகள்கிட்ட பேசுங்க. நம்ம ஆளுங்க கூச்சப்பட்டு தாண்டி போயிடுறாங்க. கேள்வி கேட்டா அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம், தாத்தாவுக்கு நீங்க பக்கத்துல நின்னு தமிழ்ல சொன்னா அந்த ரூம் அவருக்கும் உயிரோட வந்துடும்.

8. மதியம்: முதல்ல சாப்பாடு

வீட்டை விட்டு வெளிய வந்த உடனே, தோட்டத்தை சுத்த ஆரம்பிக்காம, உக்காந்து சாப்பிடுங்க. பசியோட மேடு ஏற ஆரம்பிச்சா அரை மணி நேரத்துல சண்டை வரும். சாப்பாட்டுப் பை காருல இருந்தா ஒருத்தர் போய் எடுத்துட்டு வரட்டும், திரும்பி நுழையும்போது காட்ட டிக்கெட்டை கையில வச்சுக்கட்டும். மத்தவங்க நிழல் பாத்து விரிப்பை விரிச்சுடுங்க. குளவி வந்தா விரட்டாதீங்க, ஜூஸ் பாட்டிலை மூடி வைங்க, போயிடும்.

9. தோட்டம்: ரெண்டு டீமா பிரிஞ்சுக்கோங்க

இந்த வழிகாட்டியில ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துக்கிறதா இருந்தா இதை எடுத்துக்கோங்க. எல்லாரும் ஒண்ணா நடக்கணும்னு பிடிவாதம் பிடிச்சா பெரியவங்களுக்கு மூச்சு வாங்கும், குழந்தைங்களுக்கு பொறுமை போயிடும், நடுவுல நீங்க ரெண்டு பக்கமும் கத்திக்கிட்டு இருப்பீங்க.

ஒரு டீம் சமதரை. வீட்டுக்கு தெக்கு பக்கம் புல்வெளி, சீ ஹார்ஸ் ஃபவுண்டன், அதுக்கு அந்தப்பக்கம் நீளமான கேனல் குளம், அதுல எம்பரர் ஃபவுண்டன். உக்கார பெஞ்சும் உண்டு. அந்த ஃபவுண்டன்ல பம்பு கிடையாது. 1844ல இங்க தலைமை தோட்டக்காரரா இருந்த ஜோசஃப் பாக்ஸ்டன் மேல மலையில ஒரு ஏரி வெட்டி, அங்க இருந்து குழாய் வழியா தண்ணிய இறக்கி, அந்த அழுத்தத்துலயே மேல பீச்ச வச்சார். 296 அடி வரைக்கும் எழும்பினதா பதிவு இருக்கு. இன்ஜினியரா இருந்து ரிடையர் ஆன தாத்தாவுக்கு இதை சொன்னீங்கன்னா அரை மணி நேரம் அங்கயே கணக்கு போட்டுக்கிட்டு இருப்பார். காத்து பலமா அடிச்சா தண்ணிய குறைச்சுடுவாங்க, ஏமாற வேண்டாம்.

இன்னொரு டீம் மேடு. குழந்தைங்க, இளசுகள். முதல்ல கேஸ்கேட், 24 பெரிய படியில தண்ணி வழிஞ்சு இறங்குற இடம். இதுவும் மலைத் தண்ணிதான். பழுது காரணமா சமீப வருஷங்கள்ல இதுல தண்ணிய நிறுத்தியிருந்தாங்க, அதனால போறதுக்கு முன்னாடி ஓடுதான்னு வெப்சைட்ல பாத்துட்டு அப்புறம் குழந்தைகிட்ட சத்தியம் பண்ணுங்க. அங்க இருந்து வில்லோ ட்ரீ ஃபவுண்டன். பாக்க மரம் மாதிரியே இருக்கும், கிளையில இருந்து தண்ணி தெறிக்கும். குழந்தைங்க நனையாம திரும்பி வந்ததே கிடையாது, மாத்துத்துணி இதுக்குத்தான். அடுத்து ராக் கார்டன், பெரிய பெரிய பாறைய அடுக்கி செஞ்ச மலை. ஈரமா இருந்தா வழுக்கும், கைய பிடிச்சுக்கோங்க.

அப்புறம் மேஸ். 1962ல யூ மரக்கன்னு நட்டு வளர்த்த புதிர்ப்பாதை. யூ மரத்தோட இலை, விதை விஷம், சின்ன குழந்தை அந்த சிவப்பு பழத்தை வாயில போடாம பாத்துக்கோங்க. பெரிய குழந்தைங்க ஓடிடுவாங்க, அதனால ஒரு பெரியவர் உள்ள, ஒருத்தர் வாசல்ல. மேஸ் இருக்குற இடத்துலதான் முன்னாடி பாக்ஸ்டன் கட்டின மாபெரும் கண்ணாடி வீடு இருந்துச்சு, 1920ல இடிச்சுட்டாங்க. அதோட பாய்லருக்கு நிலக்கரி கொண்டு போன சுரங்கப்பாதை இன்னும் பக்கத்துல இருக்கு, நடந்து போகலாம். இருட்டு குகை மாதிரி இருக்கும், குழந்தைங்க மூணு தடவை போவாங்க.

பிரியுறதுக்கு முன்னாடி இடமும் நேரமும் பேசி வைங்க. "ஃபோன் பண்றேன்"னு போகாதீங்க, சிக்னல் பத்தி மேல சொன்னேன். "மூணு மணிக்கு கேனல் குளத்துக்கு வீட்டுப் பக்க முனையில"ன்னு தெளிவா சொல்லுங்க. ஒன்றேகால் மணி நேரம் போதும்.

ஒண்ணு விட்டுப்போச்சு, வாழை. உலகத்து சூப்பர் மார்க்கெட்ல விக்கிற கேவெண்டிஷ் வாழைப்பழத்துக்கு பேர் வந்ததே இந்த குடும்பத்துல இருந்துதான். 1830கள்ல பாக்ஸ்டன் இங்க கண்ணாடி வீட்டுக்குள்ள வளர்த்து காய்க்க வச்சார். நம்ம ஊர்ல மோரிஸ், ரோபஸ்டான்னு வாங்குற பச்சைப்பழமும் அதே கேவெண்டிஷ் வகைதான். கிரீன்ஹவுஸ் திறந்திருக்கிற அன்னைக்கு போனா அத்தை கண்டிப்பா அந்த மரத்துக்கு முன்னாடி நின்னு ஒரு ஃபோட்டோ எடுத்துக்குவாங்க.

10. சாயங்காலம்: ஸ்டேபிள்ஸ், ஃபார்ம்யார்ட்

மூணு மணிக்கு எல்லாரும் சேர்ந்ததும் ஈரத்துணிய மாத்திட்டு மேட்டுக்கு போங்க. மெதுவா, நடுவுல ஒரு தடவை நின்னு. பெரியவங்க ஸ்டேபிள்ஸ்ல டீ குடிச்சுக்கிட்டு உக்காரட்டும், குழந்தைங்களோட ரெண்டு பேர் ஃபார்ம்யார்ட் போதும். கடைசி என்ட்ரி எத்தனை மணின்னு காலையிலயே பாத்து வச்சுக்கோங்க, ஃபார்ம்யார்ட் மூடுற நேரம் சீசனுக்கு சீசன் மாறும்.

டீக்கு பக்கத்துல பேக்வெல் புட்டிங் மாதிரி ஏதாவது வாங்கினா, முட்டை சாப்பிடாதவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அதுல முட்டை உண்டு. கேக், ஸ்கோன் எல்லாத்துலயும் கேட்டு வாங்குறது நல்லது. ஜெல்லி, மார்ஷ்மெல்லோல ஜெலட்டின் இருக்கும்.

ஃபார்ம்யார்டுக்கு ரெண்டு விதி, ரெண்டும் கண்டிப்பு. மிருகத்தை தொட்ட கையை சோப்பு, தண்ணி போட்டு கழுவணும், சானிடைசர் ஜெல் அதுக்கு பதிலாகாது. ஈ கோலை ஓ157 மாதிரி கிருமி ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒண்ணும் பண்ணாது, சின்ன குழந்தைக்கு கிட்னி வரைக்கும் போயிடும். கழுவுற வரைக்கும் சிப்ஸ் பாக்கெட் குடுக்காதீங்க, விரல் சூப்புற குழந்தைய தூக்கிக்கோங்க. ரெண்டாவது, கர்ப்பமா இருக்கிறவங்க ஆடு குட்டி போடுற வசந்த காலத்துல ஆட்டுப் பக்கம், குட்டிப் பக்கம் போகக்கூடாது. தொத்து வந்தா கருவுக்கு ஆபத்துன்னு இங்க சுகாதாரத்துறை ஒவ்வொரு வருஷமும் சொல்றாங்க.

விளையாட்டு இடத்துல இருந்து கிளப்புறதுக்கு இருபது நிமிஷம், பத்து நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு சொல்லிக்கிட்டே வாங்க. இதை கடைசிக்கு வச்சதோட லாபம் இங்க தெரியும், இதுக்கு அப்புறம் அவங்களை வேற எங்கயும் இழுத்துட்டு போக வேண்டியதில்ல.

11. மழை வந்துட்டா

வீட்டு ஸ்லாட் மாறாது, அதனால அது அப்படியே இருக்கட்டும். வீட்டுக்குள்ள இருக்கும்போது மழைன்னா அதிர்ஷ்டம், மெதுவா பாருங்க. வெளிய வந்தும் பெய்தா, தோட்டத்தோட மேட்டுப் பகுதிய விட்டுட்டு, ஸ்டேபிள்ஸ்ல உக்காந்து சாப்பிட்டு, ஃபார்ம்யார்டை முன்னாடி கொண்டு வாங்க. மழை விட்டதும் சமதரை ரூட் மட்டும் பாத்துட்டு கிளம்பலாம். இங்க மழை பெரும்பாலும் தூறல்தான், ஜாக்கெட் போட்ட குழந்தைங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல.

12. ஆறு, மான், திரும்பற வழி

தெம்பு மிச்சம் இருந்தா ஆத்தங்கரையில கொஞ்சம் நடங்க. கரையில நின்னு கால் நனைக்கிற குடும்பங்களை பாப்பீங்க. தண்ணி கோடையிலயும் ஜில்லுனு இருக்கும், உள்ள கல்லு வழுக்கும், மழைக்கு அடுத்த நாள்னா இறங்கவே வேண்டாம். மானை தூரத்துல இருந்து பாருங்க. குட்டி போடுற ஜூன் மாசமும், ஆண் மான் சண்டை போடுற அக்டோபரும் கிட்ட போறது ஆபத்து. உயரமான புல்லுலயும் ஓரத்துலயும் நெட்டில் செடி இருக்கும், நம்ம ஊர் செந்தட்டி மாதிரி பட்டா எரியும். குழந்தைக்கு முழு பேன்ட் போட்டு விட்டிருந்தா கவலை இல்ல.

வீட்டுக்கு வந்ததும் தூங்க வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரோட உடம்பையும் ஒரு தடவை பாருங்க, முட்டிக்கு பின்னாடி, இடுப்பு, அக்குள், குழந்தைன்னா தலைமுடி ஓரம். மான், ஆடு இருக்குற புல்வெளியில டிக்னு ஒரு குட்டி உண்ணி ஒட்டிக்கும். இருந்தா நுனி மெல்லிசான ட்வீசரால தோலை ஒட்டி பிடிச்சு, நசுக்காம, நேரா மேல இழுங்க, அப்புறம் கழுவுங்க. எண்ணெய், நெருப்பு வச்சு எடுக்குற வேலை வேண்டாம். அடுத்த சில வாரத்துல அந்த இடத்தை சுத்தி வட்டமா பரவுற தடிப்போ, ஜுரமோ வந்தா ஜிபிகிட்ட (உங்க குடும்ப டாக்டர்) போய், புல்வெளிக்கு போயிட்டு வந்தோம், உண்ணி கடிச்சுதுன்னு சொல்லுங்க.